90 ரூபாய்க்காக 41,370 ரூபாயைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் வங்கிக் கிளையின் மேலாளர் மேடத்துக்கும், வேறொரு மாநிலத்தில் இருக்கும் சைபர் காவல் நிலைய அதிகாரிக்கும்,

மார்ச் 5ஆம் தேதி காலை பதினொன்றே காலுக்கு, தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஓர் அரிசிக்கடை வாசலில் வைத்துத்தான் என் கணக்கு பூட்டப்பட்டிருப்பது எனக்கே தெரிந்தது. இரண்டு மூட்டை இட்லி அரிசியும் பத்து கிலோ உளுந்தும் எடுத்துக் கட்டி வைத்தாயிற்று. ஸ்கேன் செய்தேன், போகவில்லை. மறுபடி செய்தேன், போகவில்லை. "நெட் இல்லையோ அக்கா" என்று கடைப் பையன் தன் போனிலிருந்து நெட் கொடுத்தான். அப்போதும் போகவில்லை. பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு என் முதுகையே பார்க்கிறார்கள். மூட்டையைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கடையில் கடன் சொல்லியிருக்கிறேன். எடுத்த சரக்கைத் திருப்பி வைத்ததில்லை.

இன்றோடு நாற்பது நாள். இந்தியில் மூன்று மனு கொடுத்திருக்கிறேன் மேடம், பக்கத்து ரூம் பெண் எழுதித் தந்தது. மூன்றிலும் உங்கள் கிளையின் வட்ட முத்திரை இருக்கிறது, பதில் இல்லை. நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நானோ மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இனி எனக்கு வருகிற பாஷையிலேயே, நாலு பேர் படிக்கும்படியே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் டிஜிட்டல் வேண்டாம் என்கிற கட்சி இல்லை. அப்படி யாராவது என்னை நினைத்தால் இந்த மடல் முழுக்கவே தப்பாகிவிடும்.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்று அறிவித்தார்களே, மறுநாள் காலை, நான் அவித்த இட்லியைச் சைக்கிளில் விற்கப் போன வீட்டுக்காரர் முக்கால்வாசியைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். எழுதி வைக்க ஒரு நோட்டுகூடக் கையில் கிடையாது. முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த பத்து நாளில் ஒவ்வொருவராக வாங்கினார். பெரும்பாலும் வந்துவிட்டது. 2020இல் கொரோனா வந்து தாராவியையே அடைத்தார்கள். திறந்த பிறகு சைக்கிள் மறுபடி ரோட்டுக்குப் போனபோது, கையில் காசு கொடுக்க ஆட்கள் பயந்து சைக்கிள் சீட்டின் மேல் நோட்டை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள். அப்புறம் அந்த நோட்டும் நின்றது. "அண்ணா, ஸ்கேனர் இல்லையா?" என்பதுதான் எல்லார் வாயிலும். எங்களிடம் இல்லை. கொழுந்தனார் மகனிடம் இருந்தது. அவனுடைய க்யூஆர் கோட் படத்தைப் பிரிண்ட் எடுத்துச் சைக்கிளில் மாட்டினோம். இட்லி என்னுடையது, காசு அவன் கணக்கில். சனிக்கிழமை தோறும் எண்ணிக் கொடுப்பான். 6,340 வந்திருந்தால் 6,000 கொடுப்பான். கேட்டால், "பெட்ரோல் போட்டேன் சித்தி" என்பான். மூன்று வருஷம் போல இப்படியே ஓடியது.

2023 அக்டோபரில் நீங்கள் வந்தீர்கள். உங்களுக்கு மறந்திருக்கலாம். இரண்டு ஊழியர்களோடு சந்து சந்தாக நடந்தீர்கள். "உங்கள் பேரில் ஜன்தன் கணக்கு சும்மாதானே கிடக்கிறது, அதற்கே ஸ்கேனர் போட்டுத் தருகிறேன், பத்து பைசா பிடித்தம் கிடையாது" என்றீர்கள். ஸ்டிக்கரை உங்கள் கையாலேயே அண்டா மூடியில் ஒட்டி, ஓரத்தை நகத்தால் நீவிவிட்டீர்கள். (மறுநாளே ஆவியில் உரிந்து வந்துவிட்டது. லேமினேட் செய்து ஹேண்டில்பாரில் தொங்கவிட்டோம். போகட்டும்.)

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ராத்திரி மூன்றரைக்கு நான் அடுப்பு மூட்டுவேன். ஈடு ஈடாக எடுத்து, அஞ்சே முக்காலுக்கு அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு கிளம்பினால், பரேல் பக்கம் போய்ச் சுற்றி ஒன்பதரைக்குத் திரும்புவார். அந்த நாலு மணி நேரம் வெளியே என்ன நடக்கிறது என்று பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரியாது. எத்தனை பிளேட் போயிற்று, எவ்வளவு வந்தது, எல்லாம் அவர் வந்து சொன்னால் உண்டு. ஸ்கேனர் என் கணக்குக்கு வந்த பிறகு, ஒவ்வொரு பிளேட்டுக்கும் அலமாரியில் இருக்கும் என் போன் சத்தம் போட்டது. 30 ரூபாய். 30. 60. ஏழு பத்துக்கு மேல் விடாமல் சத்தம் வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார், நர்சுகள் ஷிப்ட் மாறுகிறார்கள் என்று அர்த்தம். பத்து நிமிஷம் ஒன்றுமே இல்லை என்றால் டயர் போயிருக்கும், இல்லை மழை பிடித்திருக்கும். எட்டரைக்குள் எனக்குக் கணக்கு கிடைத்துவிடும். இன்று தொண்ணூறு பிளேட், நாளைக்கு அரை கிலோ குறைத்து ஊறப்போடலாம். மிச்சமான இட்லியைச் சந்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தீர்ப்பது அதோடு பாதியாகக் குறைந்தது. பிள்ளைகளுக்கு அதில் வருத்தம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் சட்டைப் பையில் ஓட்டை உண்டு. வழியில் டீ, சிநேகிதனுக்குக் கைமாற்று, சில சாயங்காலம் வேறு ஒன்று. ரொக்கமாக வந்த காலத்தில் 3,000க்கு வியாபாரம் ஆனால் என் கைக்கு வருவது 2,200. சண்டை போட்டால் நான் கணக்குக் கேட்கிறவள் ஆகிவிடுவேன். ஸ்கேனர் வந்ததும் காசு நேராக என்னிடம் வந்தது, சண்டையே இல்லாமல் போயிற்று. அவருக்கு வேண்டியதை இப்போது என்னிடம் கேட்டு வாங்கினார். பாஸ்புக்கில் 30, 60, 30, 90 என்று வரி வரியாக அச்சாகி, ஆறே மாதத்தில் மூன்று புத்தகம் தீர்ந்துபோய், உங்கள் கவுண்டர்க்காரர் என்னை முறைத்தார். அந்த வரிகளைப் பார்த்துத்தான் தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதிக் கடன் முதலில் 10,000 கொடுத்தீர்கள். ஒரு தவணை தவறாமல் அடைத்தேன், 20,000 கொடுத்தீர்கள். பெரிய கிரைண்டர் அந்தக் காசில் வாங்கியது. மகளுக்குக் கல்லூரிப் பீஸ் என் போனிலிருந்து நான் கட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த நிமிர்வை எழுத எனக்குத் தெரியவில்லை.

இதைத்தான் பூட்டியிருக்கிறீர்கள்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். எங்கேயோ ஒருவரை ஏமாற்றிப் பணத்தைப் பறித்திருக்கிறார்கள். அவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறார். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று கைமாறி, அதில் ஏதோ ஒரு கை, பிப்ரவரி மாதம் ஒரு காலையில், பரேலில் என் வீட்டுக்காரரிடம் மூன்று பிளேட் இட்லி வாங்கி 90 ரூபாய் ஸ்கேன் செய்திருக்கிறது. சட்னி கூடுதலாகக் கேட்டிருக்கவும் கூடும், யார் கண்டது. காவல் துறை அந்தப் பணம் போன தடம் முழுவதையும் பின்தொடர்ந்து, வழியில் இருந்த எல்லாக் கணக்குகளுக்கும் தடை போடச் சொல்லியிருக்கிறது. மார்ச் 3 சாயங்காலம் நீங்கள் போட்டுவிட்டீர்கள். காசு உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது. எனக்கு ஒரு மெசேஜ் இல்லை. 4ஆம் தேதியும் 5ஆம் தேதியும் அவர் வழக்கம்போல ஸ்கேனரை நீட்டி வியாபாரம் செய்து, இன்னும் நாலாயிரத்துச் சொச்சத்தை நாங்களே கொண்டுபோய் உள்ளே போட்டோம். மொத்தம் 41,370 ரூபாய்.

ஏமாந்தவர் யாரோ, பாவம். அவர் புகார் கொடுத்தது சரி. காசு எங்கே போயிற்று என்று போலீஸ் தேடுவதும் சரிதான். கிளைக்கு முதல் நாள் வந்தபோதே சொன்னேன்: அந்த 90 ரூபாயை எடுத்து அவருக்குக் கொடுத்துவிடுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். இட்லி போனால் போகிறது. உங்கள் ஊழியர் சிரித்தார். "அப்படியெல்லாம் முறை கிடையாது, லீன் போட்டாயிற்று, நாங்கள் போடவில்லை, மேலே இருந்து வந்தது" என்றார். லீன் என்றால் பணத்தை எடுக்க விடாத தடையாம். மேலே என்றால் யார் என்று கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் நீளமான ஒரு எண்ணும், ஒரு ஈமெயில் முகவரியும், ஒரு போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். அதுதான் இந்த நாற்பது நாளில் இரண்டு அலுவலகங்களும் சேர்ந்து எனக்குக் கொடுத்த ஒரே காகிதம்.

காவல் அதிகாரி அவர்களே, மகள் உங்களுக்கு ஐந்து ஈமெயில் அனுப்பிவிட்டாள். ஆதார், பான், பாஸ்புக் நகல், சைக்கிளோடு வீட்டுக்காரர் நிற்கும் போட்டோ, இட்லி அண்டாவின் போட்டோ எல்லாம் வைத்து அனுப்பினாள். போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு தடவை எடுத்தார்கள். "நேரில் வந்து விளக்கம் கொடுங்கள்" என்று இந்தியில் சொல்லி வைத்துவிட்டார்கள். வரலாம். இரண்டு பேர் ரயிலில் வந்து ஒரு நாள் தங்கிப் போகிற செலவை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்று மட்டும் சொல்லுங்கள். அடுப்பு மூன்று நாள் அணைந்திருந்தால், ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் இடத்தில் வேறு சைக்கிள் நிற்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வக்கீல் தம்பி இருக்கிறார். அவர் சொல்லித் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். குற்றம் சம்பந்தப்பட்ட சொத்தைப் போலீஸ் கைப்பற்றலாம், அதற்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 106ஆம் பிரிவு இருக்கிறது, பழைய சட்டத்தில் அது 102. ஆனால் கைப்பற்றினால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. என் விஷயத்தில் தெரிவித்தீர்களா, எந்தக் கோர்ட், எந்தத் தேதி? 2023இல் கேரள உயர் நீதிமன்றம், போலீஸ் குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் தடையை வைத்துக்கொள்ளுங்கள் என்று வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், எவ்வளவு தொகை, எத்தனை நாள் என்று சொல்லாமல் ஒருவர் கணக்கை முழுசாக முடக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. இதை உங்கள் ஊழியரிடம் சொன்னதற்கு, "அது மெட்ராஸ், இது மகாராஷ்டிரா" என்றார். வேறு மாநிலத்துப் போலீஸ் அங்கே உட்கார்ந்தபடியே தாராவிப் பெட்டியைப் பூட்டும்போது மட்டும் இந்த மாநிலக் கணக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இப்போது உங்கள் காரியம், மேடம். பூட்டு உங்களுடையது இல்லை என்கிறீர்கள். சரி. தவணை?

ஸ்வநிதிக் கடனில் பதினெட்டுத் தவணையில் பதினான்கு கட்டிவிட்டேன். மார்ச் 10ஆம் தேதி பதினைந்தாவது தவணை அதே கணக்கிலிருந்து எடுக்கப் போய், தடை இருப்பதால் எடுக்க முடியாமல் திரும்பியிருக்கிறது. அதற்கு அபராதம் போட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் 10லும் அதே கதை, இன்னொரு அபராதம். உள்ளே 41,370 ரூபாய் இருக்கிறது, நான் 1,250 கட்டவில்லை என்று உங்கள் கம்ப்யூட்டர் எனக்கு மெசேஜ் அனுப்புகிறது. கணக்கைப் பூட்டியபோது மெசேஜ் அனுப்ப முடியாத அதே கம்ப்யூட்டர். ஒரு தடவை போன் செய்த பெண், "டிபால்டர் ஆகிவிடுவீர்கள்" என்றாள். மகள் முன்னால் ஸ்பீக்கரில் கேட்டேன் அதை.

என் வியாபாரத்தைக் கேட்டால், 110 பிளேட் போன இடத்தில் இப்போது அறுபது, அறுபத்தைந்து. பரேலில் ஆபீஸ் போகிறவர்கள் யார் சட்டைப் பையிலும் ரொக்கம் இல்லை. "கேஷ் நஹீ ஹை அண்ணா" என்று எடுத்த பிளேட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ரொக்கம் வைத்திருப்பவர்களோ 500 ரூபாய் நீட்டுகிறார்கள், சில்லறைக்கு எங்கே போவது? அரிசிக்கடைக்காரர் என்னைக் கடனில் தாங்குகிறார், இன்னும் எத்தனை நாள் தாங்குவார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சந்தில் மூன்று பேர் என் கதையைக் கேட்டுவிட்டு ஸ்கேனரைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். பெங்களூரில் 2025 ஜூலையில் யுபிஐ வரவைப் பார்த்துச் சின்னக் கடைக்காரர்களுக்கு வரி நோட்டீஸ் போனபோதும் இதுதான் நடந்தது, கடை கடையாக 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள், பழைய பாக்கி கேட்க மாட்டோம் என்று முதலமைச்சரே சொல்ல வேண்டி வந்தது. வரி வேறு, என் விஷயம் வேறு என்று தெரியும். பயம் ஒன்றுதான்.

கடைசியாக உங்களிடம் வந்த அன்று, நீங்கள் குரலைத் தாழ்த்தி, நல்ல மனசோடுதான் சொன்னீர்கள்: "இது இப்போதைக்குத் திறக்காது அம்மா. வீட்டுக்காரர் பேரில் ஒரு கணக்கு ஆரம்பித்து ஸ்கேனர் வாங்கிக்கொள்ளுங்களேன், ஒரே நாளில் போட்டுத் தருகிறேன்."

நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அதே நினைப்பு. என் பேரில் இருந்ததை எனக்குப் பிடுங்கிவிட்டு அவர் பேரில் கொடுக்க உங்களுக்கு ஒரு நாள் போதும். என் பேரில் திறக்க மட்டும் நாற்பது நாள் போதாது. நீங்கள் ஒரு பெண், மாதம் முடிந்தால் உங்கள் சம்பளம் உங்கள் கணக்கில் விழுகிறது. அது நாளை காலை உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் விழும் என்று யாராவது சொன்னால், "அதனாலென்ன" என்று கையெழுத்துப் போடுவீர்களா?

கணக்கு பூட்டிய வாரத்திலிருந்து ஸ்கேனர் இல்லை, ரொக்கம்தான். அவர் ஒன்பதரைக்கு வந்து பையிலிருந்து எடுத்து வைக்கிறார். முந்தாநாள் 1,900க்கு வியாபாரம் என்றார், 1,400 வைத்தார். நான் கேட்கவில்லை. என் போன் அலமாரியில் சும்மா கிடக்கிறது. அரிசியைக் குத்துமதிப்பாக ஊறப்போடுகிறேன்.

இனி நான் கேட்பவை. மேடம், 90 ரூபாயை நிறுத்தி வைத்துக்கொண்டு மீதி 41,280 ரூபாயை விடுவியுங்கள். உங்களால் முடியாது என்றால், ஏன் முடியாது, யார் உத்தரவு, எந்த வழக்கு எண், எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதி வரை என்று கிளை முத்திரையோடு எழுத்தில் கொடுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். இரண்டு தவணை அபராதத்தையும் திருப்பிப் போட்டு, கணக்கு பூட்டியிருந்ததால்தான் தவணை நின்றது, என் தவறு இல்லை என்று கடன் பதிவில் திருத்துங்கள். ஏப்ரல் தவணையையும் மார்ச் தவணையையும் கவுண்டரில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள், கொண்டுவருகிறேன். அப்புறம், இன்னும் சந்துகளில் ஸ்கேனர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஒட்டும்போதே, யாரோ தெரியாதவர் போடுகிற காசால் மொத்தக் கணக்கும் பூட்டப்படலாம், பூட்டினால் இன்னாரிடம் வர வேண்டும் என்று தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் ஒரு தாள் கொடுங்கள். எனக்கு அது கிடைத்திருந்தால் அரிசிக் காசையாவது தனியே எடுத்து வைத்திருப்பேன்.

காவல் அதிகாரி அவர்களே, மகள் அனுப்பிய ஐந்தில் ஏதாவது ஒரு ஈமெயிலுக்குப் பதில் போடுங்கள். என்னைச் சந்தேகப்படுகிறீர்களா, இல்லையா என்று ஒரே வரி போதும். விசாரிக்க வேண்டுமானால் வீடியோ அழைப்பில் விசாரியுங்கள், காலை பத்துக்கு மேல் எந்த நேரமானாலும் இருப்பேன். இல்லை, இங்கே தாராவிக் காவல் நிலையத்துக்கு எழுதி, என்னை அங்கே வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லுங்கள், நடந்தே போய்க் கொடுத்துவிடுகிறேன். சந்தேகம் இல்லை என்றால் வங்கிக்கு அதை எழுதுங்கள். அவர்கள் உங்களைக் காட்டுகிறார்கள்.

வங்கியில் மனு கொடுத்து முப்பது நாள் பதில் வராவிட்டால் வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம் என்று திட்டம் இருக்கிறது. என் முதல் மனு மார்ச் 6ஆம் தேதியது. முப்பது நாள் முடிந்துவிட்டது. புகாரை மகள் எழுதி வைத்திருக்கிறாள், இன்னும் அனுப்பவில்லை.

நாளைக்குச் சித்திரை ஒன்று, அம்பேத்கர் ஜெயந்தியும், வங்கி லீவு. நாளை மறுநாள் பத்தரைக்கு இந்த மடலின் ஒரு நகலோடும் இரண்டு தவணைக் காசோடும் உங்கள் கிளைக்கு வருகிறேன். பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருப்பேன். ஒன்றரைக்கு நான் உளுந்து ஊறப்போட்டாக வேண்டும்.

இப்படிக்கு,
தொண்ணூறடி ரோடு இட்லிக்காரி
தாராவி, மும்பை
ஏப்ரல் 13